கேமராவுக்காக இறங்கிய வைஃபை

புது ரூட்டர் வந்து மாட்டியதும் போன் சேர்ந்துவிடும், டிவி சேர்ந்துவிடும், லேப்டாப் சேர்ந்துவிடும். வாசல் கேமரா மட்டும் வராது. அதன் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் பாஸ்வேர்டு தவறு என்று ஒரு வரி வந்து நிற்கும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்குப் போன் போட்டுச் சொல்லும் வைஃபை புகார்களில் இப்போதெல்லாம் இதுதான் அதிகம். காரணமும் பெரும்பாலும் ஒன்றே. புது ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையில் பேசுகிறது. கேமராவுக்கு அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 மட்டும்தான் தெரியும்.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். ரூட்டர் செட்டிங்ஸில் போய் டபிள்யூபிஏ2 என்று மாற்றினால் கேமரா வந்துவிடும். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஒரு நிமிட வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் அங்கே இறங்குவது கேமரா மட்டும் இல்லை, வீட்டில் உள்ள அத்தனை போனும் லேப்டாப்பும் கூடவே இறங்குகின்றன.

கோவில்பட்டியில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். வாசல் கேட்டுக்கு ஒன்று, கொல்லைப்புறத்துக்கு ஒன்று என இரண்டு கேமரா. நான் சென்னையில், தங்கை வெளிநாட்டில். ராத்திரி ஒருமுறை ஆப்பைத் திறந்து கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குவது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. பைபர் கனெக்‌ஷன்காரர்கள் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிய அன்று இரண்டு கேமராவும் போய்விட்டன. மாட்ட வந்த தம்பி அப்பாவின் போனிலிருந்தே என்னிடம் பேசினான்.

“கேமரா பழசுண்ணே. டபிள்யூபிஏ2-ல போட்டாத்தான் எடுக்கும். போட்டு விட்ரட்டுமா?”

பின்னாலிருந்து அப்பா குரல்: “எய்யா, படம் தெரிஞ்சாப் போதும்யா. அந்தத் தம்பி சொல்றபடியே செய்யட்டும்.”

“பாஸ்வேர்டு என்ன தம்பி வச்சிருக்கீங்க?”

“அப்பா நம்பர்தான்ணே. மறக்காது பாருங்க.”

அந்தத் தம்பிமேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிற வேலை. வீட்டுக்காரருக்கு நினைவிருக்கிற பாஸ்வேர்டைப் போட்டால்தான் மறுநாள் அவனுக்குப் போன் வராது. எங்கள் தெருவில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் செல் நம்பர்தான் வைஃபை பாஸ்வேர்டு. இல்லையென்றால் பிள்ளை பெயரும் 123-ம். டபிள்யூபிஏ2-வும் செல் நம்பரும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி ரூட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் நடுவில் நான்கு செய்திகள் போய் வருகின்றன. பாஸ்வேர்டு நேராகப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்திகளைக் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டால், “இந்த பாஸ்வேர்டாக இருக்குமா, அந்த பாஸ்வேர்டாக இருக்குமா” என்று சரிபார்க்கத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. பிடித்தவர் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகச் சோதிக்கலாம். நம் வீட்டுப் பக்கம் மறுபடி வரவே வேண்டாம். ஒவ்வொரு பாஸ்வேர்டையும் வைஃபை பெயரோடு கலந்து 4096 சுற்று அரைத்துத்தான் சரிபார்க்க முடியும் என்று ஒரு தடை வைத்திருக்கிறார்கள். 2004-இல் அது பெரிய தடை. இன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற ஒரு கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஹேஷ்கேட் என்ற இலவச மென்பொருளில் வினாடிக்குச் சுமார் 25 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். நம் நாட்டில் செல் நம்பருக்குப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி நம்பர். 400 கோடியை 25 லட்சத்தால் வகுத்தால் 1600 வினாடி. அரைமணி நேரம்கூட இல்லை. இது ஒன்றுவிடாமல் எல்லா நம்பரையும் சோதிக்க ஆகும் நேரம். நடுவிலேயே கிடைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2021-இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் இடோ ஹூர்விச் என்ற ஆய்வாளர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி 5000 வைஃபை நெட்வொர்க்குகளிலிருந்து இப்படித் தகவல் சேகரித்து, அவற்றில் 70 சதவீதத்தின் பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார். முதலில் அவர் சோதித்தது அங்கேயும் செல் நம்பர்களைத்தான். அதுவும், யாரும் ரூட்டரோடு சேரும் நேரத்துக்காக அவர் காத்திருக்கவே இல்லை. பல ரூட்டர்களிடமிருந்து ஒரே ஒரு செய்தியைக் கேட்டு வாங்கினாலே போதும் என்று ஹேஷ்கேட்டை உருவாக்கிய யென்ஸ் ஸ்டூபே 2018 ஆகஸ்டில் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். அந்த வழியைத்தான் ஹூர்விச் பயன்படுத்தினார்.

டபிள்யூபிஏ3 இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே வேறு. டிராகன்ஃப்ளை என்ற கணித முறை, 2008-இல் டான் ஹார்கின்ஸ் முன்வைத்தது. அதன்படி காற்றிலிருந்து எதைப் பிடித்து வைத்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு பாஸ்வேர்டையும் ரூட்டரிடமே நேரில் சொல்லிப் பார்த்தாக வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றுதான். வினாடிக்கு 25 லட்சம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இன்னொன்று, யாரோ இன்றைக்கு நம் வைஃபையில் போவதையெல்லாம் பதிவுசெய்து வைத்து, நாளைக்கு பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டாலும் பழைய பதிவைப் பிரித்துப் படிக்க முடியாது. டபிள்யூபிஏ2-வில் சேரும் நேரத்துச் செய்திகளும் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் அது முடியும்.

புது முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. மேத்தி வான்ஹோஃபும் ஏயல் ரோனனும் 2019 ஏப்ரலில் டிராகன்பிளட் என்ற பெயரில் சில ஓட்டைகளை வெளியிட்டார்கள். டபிள்யூபிஏ2-வில் கிராக் என்ற ஓட்டையை 2017-இல் வெளிக்கொண்டு வந்தவரும் இதே வான்ஹோஃப்தான். அவர்கள் காட்டியவற்றுக்குத் திருத்தங்கள் வந்தன, முறையும் மேம்பட்டது. இப்படித் தேடிப் பிடித்துச் சொல்கிறவர்கள் இருப்பதால்தான் ஒரு பாதுகாப்பு முறையை நம்ப முடிகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இருபது எழுத்தில் யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைக்கத் தெரிந்தவருக்கு டபிள்யூபிஏ2 இன்றைக்கும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. என் சென்னை வீட்டில் அதுவே இருந்தாலும் என் தூக்கம் கெடாது. டபிள்யூபிஏ3 உண்மையில் யாருக்காக என்றால், செல் நம்பரை பாஸ்வேர்டாக வைத்திருக்கும் என் அப்பா மாதிரியானவர்களுக்காக. எளிய பாஸ்வேர்டு வைத்தவருக்கும் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சரியாக அவர்கள் வீட்டில்தான் கேமரா வந்து அதைக் கழற்றிப் போடுகிறது. வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதால்தானே அங்கே கேமராவே மாட்டுகிறோம்.

கேமராவுக்கென்றே தனியாக ஒரு பிரச்சினையும் உண்டு. வைஃபையில் ரூட்டர் ஒரு கருவியைப் பார்த்து “நீ வெளியே போ” என்று சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது. பழைய முறையில் அந்தச் செய்திக்குக் கையெழுத்தும் கிடையாது, பூட்டும் கிடையாது. ரூட்டரின் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், கேமரா நம்பி வெளியேறிவிடும். திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தால் கேமராவால் நெட்வொர்க்கில் நிற்கவே முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தீப்பெட்டி அளவிலான சின்னப் பலகை ஒன்று இதைச் செய்துவிடும். பாஸ்வேர்டு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் நாற்பது எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அது இதைத் தடுக்காது. போன் ஒரு நிமிடம் துண்டிக்கப்பட்டால் எரிச்சல், அவ்வளவுதான். கேமரா துண்டிக்கப்படும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாம் அதை வாங்கியே இருக்கிறோம்.

இதற்கான மருந்து 2009-லேயே எழுதியாகிவிட்டது. அந்த வெளியேற்றச் செய்திகளையும் சாவி போட்டுப் பாதுகாக்கும் முறை அது. ரூட்டர் செட்டிங்ஸில் பிஎம்எஃப் என்று இருக்கும். டபிள்யூபிஏ2-வில் அது இருந்தால் இருக்கட்டும் என்ற கணக்கு, டபிள்யூபிஏ3-இல் கட்டாயம். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றில் அது இல்லை. இருந்தாலும் சரியாக வேலை செய்வதில்லை.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் எடைனா நகரில் நடந்த தொடர் வீட்டுத் திருட்டுகளில் வைஃபையை முடக்கிவிட்டுத் திருடியிருக்கலாம் என்று அங்குள்ள காவல்துறை 2024-இல் சந்தேகம் தெரிவித்தது. அந்தச் செய்தியில் பேசப்பட்டது ஜாமர் என்ற கருவி. அது அலைவரிசையையே இரைச்சலால் நிரப்பிவிடும், அதை டபிள்யூபிஏ3-யாலும் தடுக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டபிள்யூபிஏ3 போட்ட கேமராவை யாராலும் முடக்க முடியாது என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. சின்னப் பலகையை வைத்துச் செய்யும் மலிவான வேலையை அது நிறுத்தும். ஜாமரை நிறுத்த வைஃபையே இல்லாத, கேபிளில் ஓடும் கேமரா வேண்டும்.

சரி, 2018 ஜூனில் வெளிவந்த ஒரு முறை இத்தனை வருடமாகியும் கேமராக்களுக்கு ஏன் முழுதாக வந்து சேரவில்லை? வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2020 ஜூலையிலிருந்து தன் சான்றிதழ் பெறும் எல்லாப் புதுக் கருவிக்கும் டபிள்யூபிஏ3-ஐக் கட்டாயமாக்கிவிட்டது. கட்டாயம் என்றாலும், சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தயாரிப்பாளருக்குக் கட்டாயம் இல்லை. சான்றிதழ் முத்திரை இல்லாமலே கேமராவை விற்கலாம். வாங்குகிறவரும் அந்த முத்திரையைத் தேடுவதில்லை.

கேமராவுக்குள்ளே பார்த்தால் நிலைமை இன்னும் புரியும். விலையில் பெரும்பகுதி லென்ஸுக்கும் சென்சாருக்கும் படத்தைச் சுருக்கும் சிப்புக்கும் போய்விடுகிறது. வைஃபைக்கு மிஞ்சுவது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் ஒரு மலிவுச் சிப். அந்தச் சிப்பைச் செய்தவர் ஒருவர், அதை வைத்துக் கேமரா பலகை செய்தவர் இன்னொருவர், பலகையை வாங்கிப் பெட்டியில் போட்டுத் தன் பெயரை ஒட்டி விற்கிறவர் மூன்றாமவர். சிப் செய்தவர் கொடுத்த பழைய மென்பொருள் கட்டு அப்படியே கடைசிவரை வந்து சேர்கிறது. அதில் டபிள்யூபிஏ3 இல்லையென்றால் பெயர் ஒட்டியவரால் சேர்க்க முடியாது, அவரிடம் அந்த மென்பொருளே இருக்காது. சேர்க்கக்கூடிய நிறுவனங்களுக்கும் அவசரமில்லை. அந்த மாடல் ஒரு வருடம் விற்கும், அடுத்த வருடம் புது மாடல் வந்துவிடும். நாம் மட்டும் சுவரில் ஓட்டை போட்டு மாட்டியதை ஏழெட்டு வருடம் வைத்திருப்போம். வீட்டில் போன்கூட மூன்று நான்கு வருடத்தில் மாறிவிடுகிறது. கேமராவை யார் மாற்றுகிறார்கள்?

பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எத்தனை மெகாபிக்சல், எத்தனை டிகிரி சுழலும், இருட்டில் எத்தனை மீட்டர் தெரியும், எத்தனை ஜிபி மெமரி கார்டு போடலாம், எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். வைஃபை பாதுகாப்பு எந்த முறை என்பது பெரும்பாலும் பெட்டியில் இருக்கவே இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தின் அடியில் தேடினால் கிடைக்கும். புது மாடல்கள் சிலவற்றில் டபிள்யூபிஏ3 என்று வரத் தொடங்கியிருக்கிறது. விலை அதிகமான மாடல் என்றால் கட்டாயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படத் தரத்துக்காக விலை ஏறியிருக்கும், வைஃபை சிப் அதே பழைய சிப்பாக இருக்கும்.

நடுவழி ஒன்றையும் ரூட்டரில் வைத்திருக்கிறார்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் ஏற்றுக்கொள்ளும் கலப்பு முறை. கேட்க நன்றாக இருக்கிறது, புதியது புதியதில் சேரும், பழையது பழையதில் சேரும். ஆனால் பாஸ்வேர்டு ஒன்றுதானே. கேமரா பழைய முறையில் சேரும்போது அந்த நான்கு செய்திகள் காற்றில் போகின்றன. அவற்றைப் பிடித்து பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டால், அதே பாஸ்வேர்டைக் கொண்டு டபிள்யூபிஏ3 பக்கமாகவும் உள்ளே வரலாம். வாசலில் புது இரும்பு கேட் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவுக்குப் பழைய கொண்டியையே விட்டு வைப்பது மாதிரிதான். போதாததற்கு, சில கேமராக்கள் இந்தக் கலப்பு முறையில்கூடச் சேராது. ரூட்டர் தன்னை அறிவிக்கும் செய்தியில் தெரியாத ஒரு வரி இருந்தாலே குழம்பி நின்றுவிடும்.

கோவில்பட்டி வீட்டில் அந்தத் தம்பியைப் போனிலேயே வைத்துக்கொண்டு வேறு மாதிரி செய்தோம். பைபர் கம்பெனிகள் கொடுக்கும் ரூட்டர்களில் பெரும்பாலும் இரண்டுக்கு மேல் வைஃபை பெயர் வைத்துக்கொள்ள இடம் இருக்கும். கெஸ்ட் நெட்வொர்க் என்ற பெயரிலோ எஸ்எஸ்ஐடி 1, 2, 3 என்றோ காட்டும். முதல் பெயரை டபிள்யூபிஏ3-இல் விட்டோம். அப்பா, அம்மா போன், டிவி எல்லாம் அதில். அப்பாவின் போன் நான்கு வருடப் பழசுதான், தயங்காமல் சேர்ந்தது. இரண்டாவதாகக் கேமராவுக்கு மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பெயர், டபிள்யூபிஏ2, அதிலும் ஏஇஎஸ் என்ற குறியாக்கம் மட்டும். டிகேஐபி என்று இருந்தால் அதைத் தொடவே கூடாது, அது 2003-க் காலத்துச் சமாளிப்பு. பாஸ்வேர்டு முற்றிலும் வேறு, அர்த்தமில்லாத நீளமான ஒன்று. நான் வாட்ஸப்பில் அனுப்பினேன், அவன் அப்படியே ஒட்டினான்.

நீளமாக இருக்கிறதே, அப்பாவுக்கு எப்படி நினைவிருக்கும் என்று அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் கேமராவின் பாஸ்வேர்டை யாரும் தினமும் தட்டுவதில்லை. சேர்க்கும் அன்று ஒரே தடவை, அதுவும் ஆப்பில் ஒட்டினால் போன் திரையில் க்யூஆர் கோடு வரும், அதைக் கேமரா முன்னால் காட்டினால் அதுவே படித்துக்கொள்ளும். ஒரு தாளில் எழுதி அம்மா ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் போட்டு வைத்தாயிற்று. நீளமான பாஸ்வேர்டு வைக்க வீட்டிலேயே சுலபமான கருவி கேமராதான்.

கேமராவுக்கான பெயரில் சேர்பவை முதல் பெயரில் உள்ள கருவிகளைப் பார்க்க விடாதபடி தடுக்கும் ஐசொலேஷன் என்ற வசதியையும் போட்டுவிட்டோம். இப்போது யாராவது அந்த நெட்வொர்க்கில் நுழைந்தாலும் அப்பா பேங்க் ஆப் திறக்கும் போன் அவர்கள் கைக்கு எட்டாது. இதில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. வீட்டுக்குள்ளிருந்தே கேமராவைப் பார்த்தாலும் படம் இணையம் சுற்றித்தான் வரும், ஓரிரு வினாடி தாமதமாகும். படங்களைப் பதிவுசெய்யும் என்விஆர் பெட்டி வைத்திருப்பவர்கள் அதையும் கேமரா நெட்வொர்க்கிலேயே வைக்க வேண்டியிருக்கும். பல ஐபி கேமராக்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் அனுப்பும் படத்துக்கு எந்தச் சாவியும் போடுவதில்லை என்பதால், அந்தப் பக்கத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது எப்படியும் நல்லது. இரண்டு கேமராவிலும் மெமரி கார்டும் போட்டிருக்கிறோம். இணைப்பு அறுந்தாலும் படம் கேமராவிலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாடு எல்லாம் ரூட்டர் செட்டிங்ஸ் தெரிந்த ஒருவர் போனில் இருந்ததால் நடந்தது. அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கவலை. வாங்குகிறவரிடமே எல்லாப் பொறுப்பையும் போட்டால் இது தீராது. அரசுகள் இறங்கத்தான் வேண்டும், கொஞ்சம் இறங்கியும் இருக்கின்றன. நம் மத்திய அரசு சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி 2024 ஏப்ரலில் அறிவித்தது, 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தகவலைச் சாவி போட்டு அனுப்புவது, யார் யார் உள்ளே நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது என எல்லாவற்றையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே விற்க வேண்டும். நல்ல தொடக்கம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் 2020-லேயே இணையக் கருவிகளுக்கு நான்கு நிலை கொண்ட பாதுகாப்பு முத்திரை கொண்டுவந்து, வைஃபை ரூட்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அங்கிருக்கும் நம்மவர்கள் கடையில் அந்த முத்திரையைப் பார்த்திருப்பார்கள்.

இங்கே எனக்கு வேண்டியது இரண்டே வரி. கேமரா பெட்டியில், மெகாபிக்சல் போட்டிருக்கும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வைஃபை பாதுகாப்பு எந்த முறை என்று ஒரு வரி. எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று இன்னொரு வரி. மின்விசிறிக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் ஒட்டி மக்கள் அதைப் பார்த்து வாங்கப் பழகியாயிற்று, இதற்கும் பழகிவிடுவார்கள். அதுவரை கடையில் கேட்போம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கேட்போம். நாலு பேர் கேட்டால் அவர் டீலரைக் கேட்பார். அடுத்து வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வயரிங் போடும்போதே வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்து வைத்துவிடுங்கள். கரண்டும் படமும் அந்த ஒரே கேபிளில் போகும் கேமராக்கள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, வைஃபைத் தலைவலி மொத்தமாக இல்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. பழைய கேமராவை மாற்றினால், அதைக் கழித்துக் கட்டுவதற்கு முன் ரீசெட் பட்டனை ஊசியால் அழுத்திப் பிடித்துப் பழைய விவரங்களை அழித்துவிடுங்கள். மலிவான கருவிகள் பலவும் வைஃபை பாஸ்வேர்டைத் தங்கள் நினைவகத்தில் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருக்கும். கேமரா கெட்டுப்போய் ஆன் ஆகவில்லையென்றால் ரீசெட் வேலைக்கு ஆகாது. அப்போது ரூட்டரில் அந்தக் கேமரா நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பிறகு பழைய சாமான்காரரிடம் போடுங்கள். தனியாக ஒரு நெட்வொர்க் வைத்திருந்தால் மாற்ற வேண்டியது அந்த ஒன்று மட்டும்தான், வீட்டில் மற்றவர்கள் போனைத் தொட வேண்டிய வேலை இருக்காது.